பற்றறியை மிச்சம் பிடிக்கப்போன கதை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் எழுத்து கோழி கிண்டின நிலம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

புதிதாகக் கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு முன்னால் வந்து பேசச் சொன்னார்கள். வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே நீங்கள் ஐந்து பேரும் திரையைப் பார்த்தபடி முதுகு காட்டி இருந்தீர்கள். ஒருவரும் என்னைக் காணவில்லை. அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலையை எப்படிச் செய்வது என்று நான் எழுதப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு பிழையை மட்டும் எழுதுகிறேன். அதனால்தான் நான் இப்போது கொம்பியூட்டரில் கை வைப்பதில்லை.

நான் அடிப்படையில் பற்றறிக்காரன். கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வந்தார். அப்பா காடு வெட்டினார். நான் ஒரு கடையில் பற்றறி சார்ஜ் போடப் பழகினேன். வன்னிக்குள் மின்சாரம் இல்லாமற்போன பிறகு ஊரே பற்றறியில் ஓடியது. ரேடியோவுக்கும், கல்யாண வீட்டு லைற்றுக்கும், கோயில் ஸ்பீக்கருக்கும் அதுதான். தண்ணீர் இறைக்கிற மெசினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, அதில் லொறி டைனமோவைப் பூட்டிச் சார்ஜ் ஏற்றுவோம். மண்ணெண்ணெய் பங்கீட்டில்தான் கிடைக்கும். ஆகவே சுழல்கிற எதைக் கண்டாலும் எனக்கு முதல் வருகிற நினைப்பு, இது எவ்வளவு குடிக்கும் என்பதுதான்.

சண்டையால் கிளிநொச்சிப் பக்கத்தை விட்டு இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்த காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளில் கொம்பியூட்டர் வந்திருந்தது. பற்றறி கட்டிக் கொடுக்கப் போனவன் மெல்ல மெல்ல மெசினுக்குள்ளும் கை வைக்கத் தொடங்கினேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சொற்களை அவற்றின் உருவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன், ஆட்களின் முகத்தைப் போல.

ஒரு ரியூசன் மாஸ்டர் வீட்டு மெசினில் ஒரு விசயம் கவனித்தேன். மாஸ்டர் சும்மா இருந்தாலும் உள்ளே டிஸ்க் கறகறவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்னச் சிவப்பு லைற் அணையவில்லை. ஏன் ஓடுகிறது என்று தேடிப் பார்த்தேன். மெசினுக்கு மெமறி என்று கொஞ்ச இடம் இருக்கிறது. வேலை கூடி அந்த இடம் காணாமல் போனால், மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். வீட்டுக்குள் நெல் மூட்டை அடுக்க இடமில்லாவிட்டால் கொட்டிலில் அடுக்குகிறோமே, அது போல. அந்தக் கொட்டிலுக்குப் பெயர்தான் வேர்ச்சுவல் மெமறி. அதை நிற்பாட்டுவதற்குத் திரையில் திறக்கிற ஒரு பெட்டியில் சரி அடையாளம் போடுகிற இடம் இருந்தது.

“இதில என்ன போட்டிருக்கு சேர்?” என்று மாஸ்டரைக் கேட்டேன்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “இப்பிடிச் செய்யாதேங்கோ எண்டு போட்டிருக்கு.”

“மண்ணெண்ணெயில மெசின் ஓடும் எண்டு தெரியாத ஆக்கள் எழுதினது சேர்.”

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பெற்றோலையும் பற்றறியையும் வன்னிக்குள் விடாமல் அரசாங்கம் தடை போட்ட பிறகு நாங்கள் செய்த முக்கால்வாசி வேலையும் ‘செய்யாதே’ என்று எழுதியிருந்த வேலைதான். பெற்றோலில் ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினோம். செத்த பற்றறியைத் திறந்து தகட்டை மாற்றி எழுப்பினோம். எழுதியிருந்ததைக் கேட்டு நடந்திருந்தால் ஒரு விளக்கும் எரிந்திராது.

சரி போட்டேன். மெசினை அணைத்து ஏற்றினேன். டிஸ்க் அடங்கிவிட்டது. அன்றைக்குப் பற்றறி அரை மணித்தியாலம் கூடுதலாக நின்றது. மாஸ்டர் வீட்டில் எனக்குப் பால் தேத்தண்ணி தந்தார்கள். அந்த நாளில் பால்மா எவ்வளவு அருமை என்பது உங்கள் வீட்டில் கேட்டால் தெரியும்.

அதற்குப் பிறகு நான் போன வீட்டிலெல்லாம் அதையே செய்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டால் விளங்கப்படுத்த வேண்டும். எனக்குப் பேச்சு வராது. பற்றறி கூடநேரம் நிற்கிறது என்று கண்டு அவர்கள் சந்தோசப்படுவதே எனக்குப் போதும். மாஸ்டர் ஒரு பக்கக் கேள்வித்தாள்தான் அடிக்கிறவர். அந்த மெசினுக்குக் கொட்டில் தேவைப்படவே இல்லை. அதை நான் என் கெட்டித்தனம் என்று நினைத்துவிட்டேன்.

தவமணி அக்காவை உங்களுக்குத் தெரியும். அப்போது அவாவின் மெசின் வீட்டில்தான் இருந்தது. காணிக் கந்தோரில் கனகாலம் ரைப் அடித்தவா. எங்கள் குளத்தின் கீழ் இருந்த வயல்களுக்கெல்லாம் அவா ஒரு பட்டியல் செய்யத் தொடங்கினா. எல்லாரும் உடுத்த துணியோடு ஓடி வந்தவர்கள். அரசாங்கம் தந்த காணிப் பெமிற் எரிந்தது பாதி, கறையான் தின்றது பாதி. கந்தோரும் இல்லை. திரும்பிப் போகும் காலம் வந்தால் காடு மூடிய நிலத்தில் எது யாருடைய வரம்பு என்று அடிபாடு வரும் என்று அவாவுக்குத் தெரியும்.

அதைத் தெரிந்த ஒரே ஆள் வட்டவிதானை ஐயாதான். முப்பது வருசம் அந்தக் குளத்துத் தண்ணீரைத் துண்டு துண்டாய்ப் பங்கிட்டுக் கொடுத்தவர். “வட்டவிதானை சொன்னாச் சரி” என்று கமக்காரர் எல்லாரும் ஒரு கூட்டத்தில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவருக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்துதான் எழும்பினார்.

“கொப்பியில எழுதலாமே அக்கா?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“கொப்பியில எழுதினா வெட்டித் திருத்துவினம் தம்பி. பிறகு நான் காசு வாங்கிக்கொண்டு மாத்தினனான் எண்டுவினம். அச்சில எடுத்து ஆளுக்கொண்டு குடுத்திட்டா ஒருத்தரும் கை வைக்கேலாது.”

அந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் இருந்தது. மேல் வாய்க்கால்காரருக்குப் பெமிற் தொலைந்தாலும் எங்கேயோ ஒரு பிரதி கிடக்கும். கடைசி வாய்க்காலில் இருந்த பதினாலு குடும்பத்துக்கு அதுவும் இல்லை. அவர்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், என் ஆட்கள். காட்டை வெட்டினார்கள், வரம்பு கட்டினார்கள், வட்டவிதானை தண்ணீர் விட்டார். அவ்வளவுதான் அவர்களின் பத்திரம். அவர்களில் ஒருவர் ராமாயி அம்மா. புருசன் அந்தக் காட்டை வெட்டிய இடத்திலேயே பாம்பு கடித்துச் செத்தவர்.

தவமணி அக்கா முதல் நாளே கேட்டா. “ஐயா, கடைசி வாய்க்கால் ஆக்களிட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அவையளை முதல் சொல்லிப்போடுங்கோவன்.”

வட்டவிதானை ஐயா கதிரையில் போர்த்துக்கொண்டு இருந்தார். “பிள்ளை, தண்ணி எங்க இருந்து வாறது? கடைசியில இருந்தோ? துருசைத் திறந்து, முதலாம் வாய்க்கால், அதில முதல் மடை… அந்த வழியிலதான் எனக்கு வரும். நடுவில இறக்கிவிட்டா நான் திசை மாறிப் போடுவன்.”

முயற்சி செய்தும் பார்த்தார். கடைசி வாய்க்காலில் தொடங்கினார். இரண்டாவது துண்டில் பெயர்கள் குழம்பின. தலையை ஆட்டிவிட்டு, “துருசடிக்குப் போவம்” என்றார். ஆகவே குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகான அந்தத் துருசிலிருந்தே தொடங்கினோம்.

முதல் இரண்டு நாளில் ஆறு வாய்க்கால் முடிந்தது. அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தா. பக்கத்தில் இன்னொரு பெட்டியில் வாய்க்கால் படத்தையும் திறந்து வைத்து, துண்டுக்கு இலக்கம் போட்டா. படம் இருந்தால்தான் ஐயாவுக்கு உற்சாகம். “உந்தப் பாலைமரம் இன்னும் கொஞ்சம் மேற்கால” என்று திரையில் விரலை வைப்பார். அந்த இரண்டு நாள் வேலையும் டிஸ்க்கில் பத்திரமாக ஏறியது.

அக்கா அடிக்கடி சேவ் பண்ணுகிறவா. ஒவ்வொரு முறையும் டிஸ்க் எழும்பிச் சுழலும். எனக்கு என் பற்றறித் தண்ணீர் வற்றுவது போல இருக்கும். இரண்டாம் நாள் முடிவில் சொன்னேன். “அக்கா, முடிவில ஒருக்கா சேவ் பண்ணினாக் காணும். டிஸ்க் சும்மா சும்மா எழும்பினா பற்றறி நிக்காது.” அக்கா என்னை நம்பினா. போகும்போது, அவா குசினிக்குள் நின்ற நேரம், வேர்ச்சுவல் மெமறியையும் நிற்பாட்டிவிட்டேன். அவாவின் மெசினில் அதுவரைக்கும் நான் அதைச் செய்திருக்கவில்லை. மூன்றாம் நாள் நீளமான நாள், கடைசி வாய்க்கால் முழுக்க ஒரே இருப்பில் முடியவேண்டும், பற்றறி நிற்கவேண்டும் என்றுதான் செய்தேன். என் ஆட்களுக்காகத்தான் செய்தேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது உண்மை.

மூன்றாம் நாள் காலமை மழை. ஐயாவைச் சாக்கால் மூடி மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். ராமாயி அம்மா கஞ்சி கொண்டுவந்திருந்தா.

“ஐயா, எங்க பேரு வர்றப்ப கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. காதுல விழணும்.”

“உன்ர பேர் வரேக்க மேளம் அடிச்சுச் சொல்லுறன், பொறு. முதல் கஞ்சியைத் தா. உப்புப் போட்டனியோ?”

“போட்டேனுங்க.”

“போன முறையும் போட்டனெண்டு சொன்னனி. குடிச்சாக் கடல் தண்ணி.”

எல்லாரும் சிரித்தோம். ஐயா கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். கடைசி வாய்க்கால் பெரிய வளைவு. அக்கா அதற்குப் படத்தைப் பெரிதாக்கினா. ஐயா ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பக்க எல்லை, எத்தனை பாகம் நீளம், எந்த மரம், எந்தக் கல் எல்லாம் சொன்னார். ராமாயி அம்மாவின் முறை வந்தபோது உண்மையிலேயே கதிரைக் கையில் தட்டிவிட்டுத்தான் சொன்னார். ராமாயி அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. நான் அந்த நேரம் குனிந்து பற்றறியின் அசிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன அளவு என் காதில் ஏறவில்லை.

பதினாலும் முடிந்தது. ஐயா நடுங்கத் தொடங்கிவிட்டார். அவரை உள்ளே பாயில் படுக்கவைத்தார்கள். அக்கா சேவ் பண்ண அழுத்தினா. ஒரு பெட்டி வந்தது.

“தம்பி, மெமறி காணாதாம். சேவ் பண்ணேலாதாம். ஏன் இப்பிடிச் சொல்லுது? முந்தி ஒருநாளும் சொல்லேல்லையே.”

அந்தச் சொல்லின் முகம் எனக்குத் தெரியும். நான் சரி போட்ட இடத்தில் இருந்த அதே சொல். என்ன நடந்தது என்று அந்தக் கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அக்கா இன்னொரு முறை அழுத்தினா. அதே பெட்டி. பிறகு அவா ஒன்று சொன்னா. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“கொப்பியில எழுதுவமே? மூண்டு பக்கந்தானே. நீர் திரையைப் பாத்துச் சொல்லும், நான் எழுதுறன்.”

பற்றறியில் அரை மணித்தியாலம் இருந்தது. அது எனக்குத் திட்டமாகத் தெரியும், அதுதான் என் தொழில். மூன்று பக்கம் எழுத அது தாராளம். இன்னொரு வழியும் இருந்தது. அந்தப் பெரிய படத்தை மூடியிருந்தாலே இடம் வந்திருக்கும், சேவ் ஆகியிருக்கும். படம் கெட்டாலும் எழுத்துத் தப்பியிருக்கும். ஆனால் அந்த நேரம் என் மூளை அந்தப் பக்கமே போகவில்லை. நான் நிற்பாட்டியதை அக்கா காணுமுன் திரும்பப் போட்டுவிடவேண்டும் என்பது மட்டுந்தான் எனக்குள் இருந்தது.

“வேண்டாம் அக்கா. ரெண்டு நிமிசம்.”

அவா எழும்பி இடம் விட்டா. நான் இருந்தேன். மெசினை அணைத்து ஏற்றாமல் அந்த மாற்றம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தச் சரி போடுகிற பெட்டியைத் திறந்தேன். கழுத்துவரை நிரம்பியிருந்த மெசினுக்கு அந்த ஒரு பெட்டி கூடிப்போய்விட்டது. பெட்டி பாதி வரைந்தபடி நின்றது. மணற்கடிகாரம் வந்தது. அசையவில்லை.

“வரும் அக்கா” என்றேன். கொஞ்சம் பொறுத்து, “இப்ப வரும்” என்றேன்.

அக்காவும் ராமாயி அம்மாவும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அடித்த பக்கத்தில் பாதி இன்னும் திரையில் தெரிந்தது. அதையாவது பார்த்து எழுதியிருக்கலாம். நான் வரும் வரும் என்று சொன்னதால் ஒருவரும் எழுதவில்லை. மேலே ராமாயி அம்மாவின் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் எல்லையும் அளவும் இருந்த இடத்தை நான் திறந்த பெட்டி மறைத்துக்கொண்டு கிடந்தது. அவா படிக்காதவா. ஆனால் தன் பெயரின் வடிவம் அவாவுக்குத் தெரியும். “இந்தா இருக்கு, எங்க பேரு” என்று விரலால் காட்டினா.

அரை மணித்தியாலம் அப்படியே போய், பற்றறிக்கும் மெசினுக்கும் நடுவில் பூட்டியிருந்த இன்வேட்டர் கூவத் தொடங்கியது. பிறகு தானே நின்றது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி இருண்டது.

“என்ன தம்பி?” என்றா அக்கா.

“பற்றறி இறங்கிட்டுது அக்கா.”

பொய் என்று சொல்லமுடியாது. பற்றறி இறங்கித்தான் இருந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. “தடையைப் போட்டவங்களை அல்லோ பேசவேணும்” என்றா. நான் பற்றறியின் வயரைக் கழற்றத் தொடங்கினேன்.

அன்று பின்னேரமே ஐயாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளிலிருந்து மூன்று பின்னேரம் அக்கா கொப்பியோடு அவரின் கட்டிலடியில் இருந்தா. நானும் போனேன். காய்ச்சலில் அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. ஆனால் ‘வாய்க்கால்’ என்ற சொல்லைக் கேட்டால் போதும், தொடங்கிவிடுவார். துருசு. முதலாம் வாய்க்கால். முதல் துண்டு, இரண்டாம் துண்டு. ஒரு பெயர் பிசகவில்லை. எங்களிடம் ஏற்கெனவே இருந்த பெயர்கள். மூன்றாம் வாய்க்காலில், சில வேளை நாலாம் வாய்க்காலில், குரல் தேய்ந்து நித்திரையாகிவிடுவார். எழும்பினால் திரும்பவும் துருசு.

மூன்றாம் நாள் அக்கா அவர் காதோடு குனிந்து கேட்டா. “ஐயா, கடைசி வாய்க்காலுக்குப் போவமே? ராமாயியின்ர துண்டுக்குப் போவமே?”

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். “அங்க இன்னும் தண்ணி போய்ச் சேரேல்லைப் பிள்ளை.”

அவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தார். பேசவில்லை.

சவம் எடுத்த வீட்டில் எல்லாரும் பற்றறியைப் பற்றித்தான் கதைத்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனிசர் இதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. இந்த வருசம் ஆட்கள் வயலைப் பார்க்கத் திரும்பப் போகத் தொடங்கியபோது, காணி பிரிக்கக் கமக்காரர் கூட்டம் வைத்தார்கள். அக்காவின் பட்டியலை மேசையில் வைத்தார்கள். ஆறு வாய்க்கால் அச்சில் இருந்தது. கடைசி வாய்க்கால் இல்லை. ராமாயி அம்மாவின் துண்டை அடுத்திருந்த ஒரு மேல் வாய்க்கால் கமக்காரர், தன் பெமிற் காணி அவாவின் துண்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மருதமரம் வரைக்கும் போகிறது என்றார். மருதமரம் வரைக்கும் என்றால் ராமாயி அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

அக்கா எழும்பினா. “வட்டவிதானை ஐயா பதினாலு துண்டும் சொன்னவர். நான் என்ர கையால அடிச்சனான்.”

“அப்ப எங்க அது?” என்றார் அந்தக் கமக்காரர்.

“தம்பி, என்ன நடந்தது எண்டு நீர் சொல்லும்.”

எழுபது எண்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பிச் சொன்னது இவ்வளவுதான்: “ராமாயி அம்மாவின்ர பேர் திரையில இருந்தது. நான் கண்டனான்.”

“அளவு?”

“பாக்கேல்லை.”

“ஏன் அழிஞ்சது?”

“பற்றறி இறங்கிட்டுது.”

அந்தக் கமக்காரர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு கணக்கில் பிழை பிடித்தவரின் சிரிப்பு. “பற்றறி இறங்கினா எல்லாமெல்லோ போகவேணும்? மேல் வாய்க்கால் ஆறும் இருக்கு. கடைசி மட்டும் போயிட்டுதோ? அது என்ன பற்றறி, ஆள் பாத்து இறங்குற பற்றறி?”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “அவர் அவையின்ர ஆள்தானே, அப்பிடித்தான் சொல்லுவார்” என்றார்.

மற்ற ஆறும் முந்தின நாட்களில் ஏறியவை, கடைசி நாளில் நான் இன்னதை நிற்பாட்டினேன், அதனால் அந்த நாள் வேலை மட்டும் நிற்கவில்லை, அக்கா எழுதுவோம் என்று கேட்டபோது நான்தான் வேண்டாமென்றேன். இதை நாலு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தன் மேலேயே பழியைப் போடுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று ஒருவராவது நினைத்திருப்பார். வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. கதிரை கிடந்தது, இருந்துவிட்டேன்.

ராமாயி அம்மா என்னைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நின்று கேட்டா.

“தம்பி, அந்தப் பொட்டிக்குள்ள எங்கயாச்சும் ஒரு மூலையில கெடக்காதா? நல்லாத் தட்டிப் பாத்தீங்களா?”

“இல்லையம்மா. கிடக்காது.”

“எம் பேரு இருந்துச்சே. நான் கண்ணால பாத்தேனே.”

“ஓம் அம்மா. இருந்தது.”

அடுத்த கிழமையும் வந்தா. அதற்கடுத்த கிழமையும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி. நான் டிஸ்க்கைக் கழற்றி அவா கையில் கொடுத்துக் காட்டினேன். அவா அதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தா. அன்றைக்கு நான் இந்தத் தொழிலை விட்டேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒருவரின் மெசினில் எதை மாற்றினாலும், அது நன்மைக்கென்றாலும், அவருக்குச் சொல்லுங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதி மெசினில் ஒட்டுங்கள். ஒரு வீட்டில் சரிவந்தது என்பதற்காக அடுத்த வீட்டிலும் செய்யாதீர்கள். இந்த வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று முதலில் பாருங்கள். நெருக்கடி வந்தால் மெசினைக் காப்பாற்றாதீர்கள், திரையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் கொப்பியில் எழுதுவோமா என்று கேட்டால், எழுதுங்கள்.

இதை உங்களுக்காக ரைப் அடிக்கப்போகிறவா தவமணி அக்காதான். நான் நிற்பாட்டியதை அவாவும் இப்போதுதான் அறியப்போகிறா. அக்கா, இதில் ஒரு வரியையும் வெட்டவேண்டாம். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. எழுதினபடியால் எனக்குப் பாரம் குறையவும் இல்லை. சொல்லவேண்டிய நேரம் முடிந்த பிறகு சொல்வதால் ராமாயி அம்மாவுக்கு ஒரு சாண் நிலமும் திரும்பி வரப்போவதில்லை. வரம்பை ஏற்கெனவே வெட்டி ஒன்றாக்கிவிட்டார்கள்.

இன்றைக்கு அந்த நிலத்தில் விதைக்கிறார்கள். விதைப்புக்கு ஆள் காணாதென்று கூலிக்கு வரச் சொல்லி அனுப்பினார்களாம். காலமை ராமாயி அம்மா என் வாசலால் போனா, மண்வெட்டி தோளில். கூலிக்குப் போறேன் என்றா. எந்த வயலுக்கு என்று நான் கேட்கவில்லை.

14.10.2001, ஞாயிற்றுக்கிழமை